எழுத்து தீர்ந்துபோன வியாழக்கிழமை

எனக்கு வாய்த்த வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ‘முடியாது’ என்ற சொல்லை அது பழகவே இல்லை. அச்சாபீஸ் வாசலில் யார் வந்து நின்று எதைக் கேட்டாலும், “அதுக்கென்ன, நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிடும். சொல்லி முடித்த பிறகுதான் நான் யோசிக்கத் தொடங்குவேன். என் மனைவி இதைக் கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். கோயிலுக்குப் போவது, கூரை மாற்றுவது என்று நான் எதற்கு ‘நாளைக்கு’ என்றாலும், “உங்க நாளைக்கா, ஊரு நாளைக்கா?” என்று கேட்பாள். நான் சட்டையைத் தேடுவேன்.

அச்சாபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மதுரையில் மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் முன்கட்டு அச்சாபீஸ், பின்கட்டு வீடு. காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் மெஷின் ஒன்று, எழுத்துப் பெட்டிகள் சாய்த்து வைத்த மரச் சட்டம் ஒன்று, காகிதம் வெட்டுகிற கத்தி ஒன்று. கல்யாணப் பத்திரிகை, சோடா லேபிள், நாடக நோட்டீஸ், ஜவுளிக்கடை விளம்பரம் என்று எல்லாம் துண்டுக் காகிதங்கள்தாம். நான் சொல்லப்போவது இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருஷம் முந்திய கதை. மெஷினை மிதிப்பது நான். காகிதம் மடிப்பது என் மனைவி. எழுத்துக் கோப்பது பாய்.

பாய் கோரிப்பாளையத்திலிருந்து வருவார். வைகையில் தண்ணீர் இல்லாத நாளெல்லாம், அதாவது வருஷத்தில் முக்கால்வாசி நாள், பாலத்தைச் சுற்றாமல் மணலில் இறங்கி நடந்தே வந்துவிடுவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இருந்தாலும் என்னை ‘மொதலாளி’ என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று பதினோரு வருஷமாக நானும் பிரித்துப் பார்க்க முயன்று தோற்றுப்போயிருந்தேன். வேலை நடக்கும்போது பேச மாட்டார். அவர் கை பெட்டிக்கும் வரிக்கும் போய் வந்துகொண்டே இருக்கும். நடுவில் நின்று நான் பார்த்ததில்லை.

அந்த வேலையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அறை இருக்கும். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரிவரியாகக் கோத்து, ஒரு பக்கம் சேர்ந்ததும் சுற்றி நூல் கட்டி வைப்பார்கள். அச்சடித்து முடிந்த பிறகு மண்ணெண்ணெயில் கழுவி, நூலை அவிழ்த்து, எழுத்துகளை அதனதன் அறையில் திரும்பப் போடுவார்கள். அதுவரைக்கும் அந்த எழுத்துகள் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். வேறு வேலைக்கு எடுக்க முடியாது. எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு செட் எழுத்து. இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் என் முட்டாள்தனம்தான், தனியாக விளக்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள் இல்லையா, அதை நான் அச்சாபீஸில் செய்துகொண்டிருந்தேன். ஒருவர் வேலை கொண்டுவந்தால் உடனே பாயிடம் கொடுத்து, மேலே இரண்டு மூன்று வரி கோக்கச் சொல்லிவிடுவேன். அதில் மை தடவி ஒரு காகிதத்தில் ஒற்றி, “பாத்தீகளாண்ணே, வேலை ஆரம்பிச்சாச்சு” என்று நீட்டுவேன். தன் பெயரை அச்சில் பார்த்த மனிதர் வேறு அச்சாபீஸுக்குப் போக மாட்டார். அதற்குப் பிறகு அவர் எத்தனை நாள் நடந்தாலும் எங்கள் வாசலுக்குத்தான் நடப்பார். இந்தத் தந்திரத்தை நானே கண்டுபிடித்தேன் என்று எனக்குப் பெரிய பெருமை. பாய் மட்டும், “ஆரம்பிச்சது அம்புட்டும் அலமாரியில தூங்குது மொதலாளி” என்பார். நான் கேட்காததுபோல் மெஷினுக்கு எண்ணெய் விடுவேன்.

அந்த வருஷம் வைகாசி முகூர்த்தக் கூட்டத்தோடு ஒரு வாத்தியாரும் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அல்பாகா கோட்டு, அதன் பையில் சங்கிலி போட்ட கடிகாரம். சிறு வியாபாரிகள் ஒரு நாளை வீணாக்காமல் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். வாழ்நாளில் கடை வைத்தவர் இல்லை. ஆனாலும் எங்களைப் போன்றவர்களைத் தூரத்திலிருந்து பார்த்து மனம் நொந்திருந்தார். கையெழுத்துப் பிரதியை என் முன்னால் வைத்து, “எத்தனை நாளில் முடிப்பீர்?” என்று கேட்டார்.

புத்தகம்! அதுவரை எங்கள் அச்சாபீஸ் புத்தகம் அடித்ததே இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சாபீஸ் பெயர் வரும். ஊர்க்காரர்கள் அதை அலமாரியில் வைப்பார்கள். துண்டுக் காகிதக்காரன் என்ற பெயர் போய்விடும். எனக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று ஏறியது. “பதினஞ்சே நாள் சார்” என்றது வாய். பாய் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பின்கட்டில் பாத்திரம் ஒன்று தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டது.

வாத்தியார் தினமும் காலை பத்து மணிக்கு வருவார். பத்து என்றால் பத்துதான். முந்தின நாள் கோத்த பக்கத்தைத் திருத்துவார். அன்றைக்கு இந்த வரி வேண்டாம் என்பார், மறுநாள் அதே வரி இருந்தால் நன்றாக இருக்கும் என்பார். இப்படித் திருத்தித் திருத்தி, பதினாறு பக்கம் கோத்தும் ஒரு பக்கத்தைக்கூட அடிக்கச் சொல்லவில்லை. திருத்தி முடித்த பிறகும் எழுந்து போக மாட்டார். நாற்காலியை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, வியாபாரி தன் கடையில் வெட்டிப் பேச்சுப் பேசுகிறவர்களை உட்காரவிடக் கூடாது என்று எனக்கு இரண்டு மணி நேரம் எடுத்துச் சொல்வார். நானும் மெஷினை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில், ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், பாய் தொப்பியைப் போட்டுக்கொண்ட பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்றார். கையில் நாலாக மடித்த காகிதம்.

“மொதலாளி, மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கு. பத்திரிகை அடிக்கணும்.”

“அட, இதைச் சொல்றதுக்கா நிக்கிறீக? நாளைக்கே அடிச்சிருவோம் பாய்!”

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். அடியில் ‘இப்படிக்கு’ என்ற இடத்தில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. அதற்கு மேலே தடித்த கோடு இழுத்து வேறொரு பெயர். “எங்கண்ணன்” என்றார்.

அண்ணனைப் பற்றி அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று சொன்னார். கொட்டாம்பட்டியில் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாகக் கிணறு ஒன்று இருந்ததாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் பாய் தன் பங்கை வெளியாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணன் எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, பத்திரத்தில் சாட்சிக் கைநாட்டு வாங்கியிருக்க வேண்டும். கேட்டால் மறுப்பார் என்று பயந்து கேட்காமலே விற்றுவிட்டார். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். பாய் நாலு தடவை கடுதாசி போட்டார். நாலும் பிரிக்காமலே திரும்பி வந்தன.

“மாப்ள வீடு எங்கண்ணன் ஊருக்குப் பக்கத்து ஊரு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிச்சு அவுக பத்திரிகை கொடுக்க ஆரம்பிக்கிறாக. ஊருல பேச்சு எங்கண்ணன் காதுல விழுந்திருக்கும், அது வேற. ஆனா எங்க வீட்டுப் பத்திரிகை அவரு கைக்குப் போறதுக்கு முன்னால மாப்ள வீட்டுப் பத்திரிகை போயிருச்சுன்னா, அவரு இந்த ஜென்மத்துல எங்க வாசப்படி மிதிக்க மாட்டாரு. அவரு இல்லாம என் மகளை எப்படிக் கொடுப்பேன்? மொதப் பத்திரிகை அவரு கையில, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி.”

“வெள்ளிக்கிழமை என்ன பாய், இந்த வாரமே கொண்டுபோய்க் கொடுங்க” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் வேலை ஒன்றும் பெரிதில்லை, அரைப் பக்கம். நாளைக் காலையில் கோத்து மத்தியானம் அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். “இன்ஷா அல்லா” என்று சொல்லிவிட்டு மணலில் இறங்கிப் போனார். அவர் இன்ஷா அல்லா சொன்ன காரியங்கள் பெரும்பாலும் நடந்துவிடும். என் ‘நாளைக்கு’ தலையிட்டால்தான் ஆபத்து.

மறுநாள் காலையில் நாடகக் கம்பெனிக்காரர் வந்தார். புது நாடகம், சனிக்கிழமை ஆரம்பம், நோட்டீஸ் அவசரம். பாய் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நோட்டீஸின் தலைப்பைக் கோத்தார். அதற்கடுத்த நாள் ஒரு வக்கீல் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. கோத்து முடித்த பிறகு அந்த வீட்டில் யார் பெயர் முதலில் வருவது என்று சண்டை வந்துவிட்டது. அடிக்காதே, பிரிக்காதே, அப்படியே வை என்று ஆள் விட்டார்கள். அதுவும் நூல் கட்டி அலமாரிக்குப் போனது. பிறகு சோடாக்காரர், பிறகு ஜவுளிக்கடைக்காரர். ஒவ்வொரு முறையும் நான் பாயைப் பார்த்து, “இதை மட்டும் தொட்டு வச்சிருவோம் பாய், அடுத்தது உங்களுதுதான்” என்பேன். “மொதலாளி வச்ச வரிசைதான் வரிசை” என்பார் அவர். தன் வேலையைத் தானே முன்னால் எடுத்து வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை.

எனக்கே உறுத்தத் தொடங்கியது. வாத்தியாரிடம் பொதுவாக யோசனை கேட்டேன். அவர் கண் மின்னியது. “நாளைக் கூறு போடும்! ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மணி நேரம். மணி அடித்ததும் அடுத்த வேலை. எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேனே, கோத்தீரே தவிரப் படிக்கவில்லையா?” என்றார். எனக்குப் பிடித்துப்போயிற்று. எட்டு மணிக்கு நாடகம், ஒன்பதுக்கு ஜவுளி, பத்துக்கு வாத்தியார், பன்னிரண்டுக்கு சோடா என்று அட்டவணை போட்டேன். சாயங்காலம் நாலு மணி பாய் பத்திரிகைக்கு. கையால் எழுதி ஒட்டினால் அச்சாபீஸுக்குக் கௌரவமா? அந்த அட்டவணையையும் பாயைக் கோக்கச் சொல்லி, சுற்றிலும் பூ வேலைப்பாட்டோடு அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். கோத்த எழுத்தைப் பிரிக்கவும் விடவில்லை. திருத்தம் வந்தால் வேண்டியிருக்கும் அல்லவா?

மூன்று நாள் அட்டவணைப்படி வேலை நடந்தது. எல்லா வேலையும் ஒரு மணி நேரம் நகர்ந்தது. ஒரு வேலையும் முடியவில்லை. நாலு மணி வேலை மட்டும் நகரவே இல்லை. மூன்று மணி வேலை ஐந்துவரை இழுத்துக்கொண்டே போனது. என் மனைவி அட்டவணையைப் பார்த்து, “பத்து வீட்டு உலையில ஒரே அரிசியப் பகுந்து போட்ட மாதிரி இருக்கு. எந்த வீட்லயும் சோறு வேகலையே” என்றாள். பெண்களுக்குத் தொழில் நுணுக்கம் புரியாது என்று அன்றைக்கு நான் சொன்னதாக இன்றும் அவள் சொல்கிறாள். சொல்லியிருப்பேன்.

நாடகக்காரரின் கையைக் காலைப் பிடித்துத் தவணை வாங்கி, நோட்டீஸை வெள்ளிக்கிழமை மாலை எப்படியோ கொடுத்துவிட்டேன். அவர் மறுநாளே அடுத்த நாடகத்துக்கு இன்னும் நீளமான நோட்டீஸோடு வந்தார். பிரித்துப் போட்ட எழுத்து அப்படியே அதற்குள் போய்விட்டது.

அடுத்த வாரம் புதன்கிழமை சாயங்காலம்தான் பாய் தன் பத்திரிகையைக் கோக்கத் தொடங்கினார். நான் டிரெடிலில் இருந்தேன். சத்தம் நின்றதுபோல் தோன்றித் திரும்பிப் பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றது பாயின் கை. நாலு வரி கோத்திருந்தார். பெட்டியின் அறைகளை விரலால் தடவிப் பார்த்தார். பாதி அறைகளில் மரம் தெரிந்தது.

“மொதலாளி, எழுத்து இல்லை.”

“எந்த எழுத்து பாய்?”

“எது இருக்குன்னு கேளுங்க, சொல்றேன்.”

பக்கத்துத் தெரு அச்சாபீஸுக்கு ஓடினேன். முகூர்த்தக் காலத்தில் எழுத்துக் கடன் கேட்டு வந்தவனை அவர் வேடிக்கை பார்த்தார். திரும்பி வந்து, “ஒரே ஒரு பத்திரிகைதானே பாய், அண்ணனுக்கு மட்டும் நான் முத்து முத்தா கையால எழுதித் தாரேன்” என்றேன்.

“கையால எழுதுனா அது கடுதாசி மொதலாளி. கடுதாசியைத்தான் அவரு நாலு தடவை திருப்பி அனுப்பிட்டாரே. அவரு பேரு அச்சுல ஏறி, ஊருக்கெல்லாம் போறதுன்னு தெரியணும். அதுக்குத்தான் கேட்டேன்.” தொப்பியை எடுத்துக்கொண்டார். கோத்த நாலு வரியைப் பெட்டி ஓரத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, “நாளைக்கு வியாழக்கிழமை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற என் மனைவி என்னிடம் வந்தாள். அன்றைக்கு அவளிடம் கிண்டல் இல்லை. “பதினோரு வருஷமா ஊருக்கெல்லாம் பத்திரிகை கோத்த மனுசன். அவரு வீட்டுக்கு ஒன்னு இல்லைங்கிறீகளே, உங்களுக்கு வெக்கமா இல்லையா?” என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. அலமாரியில் எந்த வேலையைப் பிரித்தால் எழுத்துக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். சோடாவிலும் ஜவுளியிலும் நாலைந்து வரிதான். எழுத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது வாத்தியாருடைய பதினாறு பக்கம். அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. அது என் முதல் புத்தகம். வாத்தியார் நாளைக்கு ஒரு பக்கத்தையாவது அடிக்கச் சொல்லிவிடுவார், அதைப் பிரித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு ‘நாளைக்கு’ சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வாத்தியார் வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தை நீட்டினார். “ராத்திரி தூக்கமே வரவில்லை. புத்தகத்தின் உயிரான கருத்தை விட்டுவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் இதைச் சேர்க்க வேண்டும்.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே உரக்க வாசித்தார். ஒரு வியாபாரி காலையில் கடை திறந்ததும் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டுமாம். இன்றைக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வாய்?

“நல்லா இருக்கு சார். ஆனா சேக்கிறதுக்கு எழுத்து இல்லை” என்றார் பாய்.

“ஏன் இல்லை? இது அச்சாபீஸ்தானே?”

“அம்புட்டு எழுத்தும் உங்க புஸ்தகத்துக்குள்ளதான் சார் இருக்கு.”

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பாய் யாரையும் பார்க்கவில்லை. பெட்டி ஓரத்தில் நாலு வரியாய் நின்றிருந்த தன் மகளின் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் மேலேயே பொத்துக்கொண்டு கோபம் வந்தது. அலமாரியிலிருந்து மூன்றாம் பக்கத்தை இறக்கினேன். காகிதம் வெட்டுகிற கத்தியை எடுத்து நூலை அறுத்தேன். கட்டு விட்டதும் வரிகள் சரிந்தன.

“என்ன செய்கிறீர்!” வாத்தியார் எழுந்தே விட்டார்.

“நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றேன் சார்” என்றேன். துணிச்சலாகச் சொன்னதுபோல் இன்று எழுதுகிறேன். அன்று அவர் முகத்தைப் பார்க்காமல் நூலைப் பார்த்துத்தான் சொன்னேன். நான்காம் பக்கத்து நூலையும் அறுத்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டாரா என்று தெரியவில்லை. கடிகாரத்தைத் திறந்து பார்த்தார். “பத்து இருபத்தைந்து” என்றார். கையெழுத்துப் பிரதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தில் இறங்கிப் போனார். முதல் புத்தகம் அவரோடு போயிற்று. அது எனக்கு வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். பின்னால் வேறோர் அச்சாபீஸில் அதைக் கொடுத்தார். அங்கே முதலாளியும் என் ஜாதிதான் போலிருக்கிறது, புத்தகம் வெளியே வர ஒன்றரை வருஷம் ஆயிற்று.

நானும் என் மனைவியும் தரையில் உட்கார்ந்து சரிந்த எழுத்துகளைப் பொறுக்கிக் கொடுத்தோம். பாயின் கை பழையபடி ஓடத் தொடங்கியது. அட்டவணையில் பத்து மணிக்கு ஜவுளியா வாத்தியாரா என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். என் வாய் வழக்கம்போலத் திறந்தது. “இன்னைக்கு முடியாதுண்ணே” என்று வெளியே வந்தது. எனக்கே அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. அவர் ஒன்றும் சண்டைக்கு வரவில்லை. “அப்பச் சரி, திங்கக்கிழமை வாரேன்” என்று போய்விட்டார். இம்புட்டுத்தானா என்று இருந்தது.

கடைசி வரிக்கு வந்தபோது பாயின் கை மறுபடி நின்றது. எழுத்து இருந்தது. அண்ணனுடைய பெயரைக் கோக்க வேண்டிய இடம் அது. ஒவ்வோர் எழுத்தையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, தேய்ந்ததை ஒதுக்கி, நல்லதாக வைத்தார். தன் பெயரைத் தேய்ந்த எழுத்திலேயே கோத்துக்கொண்டார்.

கல்யாண விஷயம், கறுப்பு மையில் அடிக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக மெஷினைக் கழுவிப் பச்சை மை போட்டேன். பச்சை மை லேசில் காயாது என்பது முதல் தாள் வெளியே வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. மூன்று மணிக்கு அடித்து முடித்தோம். மற்றதையெல்லாம் மனைவி வீடு முழுக்கப் பரத்திக் காயப்போட்டாள். ஒன்றை மட்டும் இரண்டு அட்டைக்கு நடுவில் தொடாமல் வைத்துக்கொண்டு நானும் பாயும் பஸ்ஸுக்கு ஓடினோம். என்னை ஏன் கூட்டிப் போனார் என்று கேட்டால், அண்ணன் கதவைச் சாத்தினால் பேசுவதற்கு ஒரு வாய் வேண்டும் என்று நினைத்திருப்பார். மேலூர் வழியாகத் திருச்சி ரோட்டில் போகிற பஸ் அது. நானும் எல்லாரையும் போல ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தேன். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும் என்று டிரைவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நேரத்தின் அருமையைப் பற்றி அவரிடம் இரண்டு வார்த்தை சொன்னேன். பாய் என் கையை அழுத்தி உட்காரவைத்தார்.

கொட்டாம்பட்டியில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பாய் கடையில் வெற்றிலை பாக்கும் சர்க்கரையும் வாங்கி, ஒரு தட்டை இரவல் கேட்டு, அதன் மேல் பத்திரிகையை வைத்துக்கொண்டார். அண்ணன் வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்தும் பார்க்காததுபோல் என்னை ஏறிட்டார்.

“யாரு?”

“மதுரையில அச்சாபீஸ் வச்சிருக்கேங்க.”

“அதுக்கு?”

ஊருக்கெல்லாம் பேசுகிற என் வாய் அங்கே ஒட்டிக்கொண்டது. பாய் தட்டை இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றார். தட்டிலிருந்து பாக்கு ஒன்று உருண்டு விழுந்தது. அண்ணன் கயிற்றைக் கீழே வைக்க நெடுநேரம் ஆனதுபோல் எனக்குப் பட்டது. பிறகு பத்திரிகையை எடுத்தார். எழுத்துத் தெரியாதவர், முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“எம் பேரு எது?”

பாய் குனிந்து விரலால் காட்டினார். அண்ணன் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தடவினார்.

“அதுக்குக் கீழ இருக்கிறது?”

“எம்பேருண்ணே. ஒம்பேருக்குக் கீழதான் போட்டேன்.”

அண்ணன் விரலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காயாத மை கட்டைவிரல் முழுக்கப் பச்சையாக ஒட்டியிருந்தது. எனக்கு உயிரே போயிற்று. அவர் விரலையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கிணத்துக்குக் கைநாட்டுக் கேக்காமப் போனவன், இன்னைக்கு மையோடயே வந்து நிக்கிற” என்றார். சொல்லும்போதே உதட்டோரம் நெளிந்தது. பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தன்னைப் பற்றி ஒரு சொல் பேசாமல் பதினோரு வருஷம் என் பக்கத்தில் நின்ற மனிதர் அப்படி அழுவார் என்று எனக்குத் தெரியாது. நானும் சேர்ந்து அழுதுவிட்டேன்.

அண்ணனுக்கு எங்கள் அழுகை சங்கடமாக இருந்திருக்க வேண்டும். பத்திரிகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்து, “பேரை இம்புட்டுச் சிறுசாவா அடிப்பாக?” என்று என்னைக் கேட்டார்.

“அதுக்கென்னங்க, நாளைக்கே பெரிசா…” என்று தொடங்கினேன். பாய் அழுகைக்கு நடுவிலும் என் காலை நன்றாக மிதித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணன் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். “உக்காருடா. பிள்ளை கல்யாணத்துக்கு நான் என்னைக்கு வரணும்?”

“நாளைக்கு வாண்ணே” என்றார் பாய்.

கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் மறுநாள் முதல் பஸ்ஸிலேயே, கட்டைவிரலில் பச்சை போகாமல், அவர் வந்து இறங்கினார்.